இசட் புள்ளி முதல் ஜிபிஏ வரை: இலங்கையின் பெறுபேற்றுத் தாளை வாசிப்பது எப்படி

உயர்தரப் பெறுபேறு வெளியான அன்று வீட்டுக்கு வருகிற எல்லாரும் கேட்பது "எத்தனை ஏ?" என்றுதான். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா என்பதை அந்த எழுத்துகள் சொல்லாது. பெறுபேற்றுத் தாளில் நான்கு தசம தானங்களுடன் நிற்கும் இசட் புள்ளிதான் சொல்லும். அதைச் சரியாக வாசிக்கத் தெரியாததால் தேவையில்லாமல் மனமுடையும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கிடைக்கக்கூடிய பாடநெறிக்கு விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தாளிலுள்ள ஒவ்வொரு எண்ணும் எப்படி வருகிறது, எதற்குப் பயன்படுகிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

சாதாரண தரம்: எழுத்து மட்டும்

க.பொ.த. சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்கள். சமயம், முதல் மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லாருக்கும் கட்டாயம். மீதி மூன்றும் தொகுதிப் பாடங்களிலிருந்து தெரிவு செய்பவை. 75 புள்ளியும் அதற்கு மேலும் ஏ, 65 முதல் 74 வரை பி, 50 முதல் 64 வரை சி, 35 முதல் 49 வரை எஸ். 35க்குக் கீழே டபிள்யூ, அதாவது சித்தியில்லை. தாளில் எழுத்து மட்டும்தான் வரும், புள்ளி வராது. 64 எடுத்தவரும் 50 எடுத்தவரும் அங்கே ஒன்றுதான்.

உயர்தரம் படிக்கப் பொதுவான நிபந்தனை, முதல் மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அவற்றில் மூன்றிலாவது சி அல்லது அதற்கு மேல். இங்கே பலர் தடுமாறுவது "மூன்று சி" என்ற பகுதியில். ஆறு பாடத்திலும் எஸ் எடுத்தால் போதாது. அதேபோல எட்டு பாடத்தில் ஏ எடுத்துக் கணிதத்தில் டபிள்யூ வந்தாலும் நிபந்தனை நிறைவேறாது. விஞ்ஞான, கணிதப் பிரிவுகளுக்கு அந்தந்தப் பாடத்தில் சி வேண்டும் என்ற தனி நிபந்தனையும் உண்டு. ஆகவே பெறுபேறு வந்ததும் ஏக்களை எண்ணுவதற்கு முன் முதல் மொழி, கணிதம், விஞ்ஞானம் மூன்றின் எழுத்தையும் பாருங்கள்.

உயர்தரம்: தாளில் என்னென்ன இருக்கிறது

பிரதான பாடங்கள் மூன்று. அவற்றுக்கு ஏ, பி, சி, எஸ், எஃப் என்று எழுத்துகள். 75, 65, 35 என்ற எல்லைகள் சாதாரண தரத்தில் போலவே. 35க்குக் கீழே எஃப். கூடவே பொதுச் சாதாரணப் பரீட்சை (எல்லாப் பிரிவினரும் எழுதும் பொது அறிவு வினாத்தாள்), பொது ஆங்கிலம், இசட் புள்ளி, மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை ஆகியவை இருக்கும்.

பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்க இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். மூன்று பிரதான பாடங்களிலும் ஒரே தடவையில் குறைந்தது எஸ். பொதுச் சாதாரணப் பரீட்சையில் 100க்குக் குறைந்தது 30. இந்த 30ஐப் பலர் பொருட்படுத்துவதில்லை. பிரதான பாடங்களுக்கு இரவு பகலாகப் படித்துவிட்டு அந்தப் பரீட்சைக்குச் சும்மா போய் உட்காருகிறவர்கள் உண்டு. அதன் புள்ளி இசட் கணக்கில் சேராது என்பது உண்மைதான். ஆனால் 30 இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல இசட் இருந்தாலும் வாசல் திறக்காது. பொது ஆங்கிலமும் இசட் கணக்கில் சேராது.

இரண்டு வாசல்களையும் தாண்டியபின் எழுத்துகளின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. சில பாடநெறிகள் ஒரு குறிப்பிட்ட பாடத்தில் சி வேண்டும் என்பது போன்ற நிபந்தனை வைத்திருக்கும். அது தவிர, போட்டி முழுவதும் இசட் புள்ளியில்தான்.

இசட் புள்ளி எப்படி வருகிறது

ஏன் வெறும் கூட்டுப்புள்ளியைப் பார்க்கக்கூடாது என்றால், பாடத்துக்குப் பாடம் வினாத்தாளின் கடினம் வேறு, எழுதுகிறவர்களின் கூட்டமும் வேறு. ஒருவர் தெரிவு செய்த பாடத்தில் எல்லாருக்கும் 70 கிடைக்கிறது, இன்னொருவரின் பாடத்தில் எல்லாரும் 40இல் நிற்கிறார்கள் என்றால் இருவரின் 65ஐயும் சமமாக எடுக்க முடியாது. அதனால் 2001ஆம் ஆண்டு முதல் அனுமதிக்கு இசட் முறை வந்தது.

ஒவ்வொரு பாடத்துக்கும் நாடு முழுவதும் தோற்றியவர்களின் புள்ளிகளை எடுத்து இடையும் நியம விலகலும் காண்பார்கள். இடை என்பது சராசரி. நியம விலகல் என்பது அந்தச் சராசரியைச் சுற்றிப் புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவு. பிறகு:

பாடத்தின் இசட் = (உங்கள் புள்ளி − இடை) ÷ நியம விலகல்

மூன்று பாடங்களின் இசட்டையும் கூட்டி மூன்றால் வகுத்தால் தாளில் வரும் இசட் புள்ளி.

இரண்டு மாணவரை வைத்துச் செய்து பார்ப்போம். இங்கே வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை, எந்த ஆண்டின் உண்மையான இடையுமல்ல. உயிரியலின் இடை 42, நியம விலகல் 16. பௌதிகவியலின் இடை 35, நியம விலகல் 18. இரசாயனவியலின் இடை 40, நியம விலகல் 20.

முதல் மாணவி உயிரியலில் 74, பௌதிகவியலில் 62, இரசாயனவியலில் 66 எடுத்தார். எழுத்துகள் பி, சி, பி. கூட்டு 202.
உயிரியல்: 32 ÷ 16 = 2.0000
பௌதிகவியல்: 27 ÷ 18 = 1.5000
இரசாயனவியல்: 26 ÷ 20 = 1.3000
கூட்டினால் 4.8. மூன்றால் வகுத்தால் 1.6000.

இரண்டாவது மாணவர் 76, 51, 75 எடுத்தார். உயிரியலிலும் இரசாயனவியலிலும் ஏ. கூட்டு இவருக்கும் 202.
உயிரியல்: 34 ÷ 16 = 2.1250
பௌதிகவியல்: 16 ÷ 18 = 0.8889
இரசாயனவியல்: 35 ÷ 20 = 1.7500
கூட்டினால் 4.7639. மூன்றால் வகுத்தால் 1.5880.

இரண்டு ஏ வைத்திருப்பவர் ஒரு ஏயும் இல்லாதவருக்குப் பின்னால் நிற்கிறார். கணக்கில் தவறில்லை. பௌதிகவியலில் விட்ட 11 புள்ளி 0.6111. மற்ற இரண்டு பாடங்களிலும் மேலதிகமாக எடுத்த 2 புள்ளியும் 9 புள்ளியும் சேர்ந்து கொடுப்பது 0.5750தான். மருத்துவம், பொறியியல் போன்ற பாடநெறிகளில் இரண்டாம், மூன்றாம் தசம தானத்திலேயே இடம் போகும், வரும். அங்கே 0.0120 என்ற இடைவெளி பெரியது.

இதிலிருந்து படிப்புக்கு ஒரு விஷயம் கிடைக்கிறது. நியம விலகல் சிறிதாக இருக்கும் பாடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் பெறுமதி கூட. 16 உள்ள பாடத்தில் ஒரு புள்ளி 0.0625, 20 உள்ள பாடத்தில் 0.0500. ஆனால் பரீட்சைக்கு முன்பு எந்தப் பாடத்தின் விலகல் எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. "இந்த முறை இதற்கு இசட் கூடும்" என்று டியூஷன் வாசலில் சொல்லப்படுவதை நம்பிப் பாடம் மாற்றுவது வீண். தெரிந்த ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: ஏ எல்லையைத் தாண்டியதும் நிறுத்திக்கொள்ள இந்த முறையில் காரணமே இல்லை. 75க்கும் 90க்கும் எழுத்து ஒன்றுதான், இசட் ஒன்றல்ல. அதேபோல, "இது எஸ் வந்தால் போதும்" என்று ஒரு பாடத்தைக் கைவிடுவதும் மற்ற இரண்டு பாடங்களின் உழைப்பைத் தின்றுவிடும்.

சில சந்தேகங்கள் ஒவ்வோர் ஆண்டும் வருகின்றன. இசட் மறை எண்ணாக வந்தால் தோல்வி என்று அர்த்தமல்ல. சராசரிக்குக் கீழே நிற்கிறீர்கள், அவ்வளவுதான். மூன்று எஸ்ஸோடு மறை இசட் வருவது சாதாரணம். எதிர்ப்பக்கமாக, ஒரு பாடத்தின் இடை 30ஆக இருந்தால் 33 எடுத்தவருக்கு அந்தப் பாடத்தில் நேர் இசட் வரும், எழுத்து எஃப். தாளில் பாடப் புள்ளியும் இடையும் இல்லாததால் வீட்டிலிருந்து உங்கள் இசட்டைக் கணக்கிட முடியாது. பெறுபேறு வருவதற்கு முன் கணித்துத் தருவதாகச் சொல்லும் இணையதளங்கள் ஊகத்தைத்தான் விற்கின்றன.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். 1970களின் தொடக்கத்தில் மொழிமூலத்தை வைத்துப் புள்ளிகளைச் சரிசெய்த தரப்படுத்தல் தமிழ் மாணவருக்கு இழைத்த அநீதி இன்னும் மறக்கப்படவில்லை. அதனால் இசட் என்றதும் "இதுவும் அதுதானா?" என்று மூத்தவர்கள் கேட்பது இயல்பு. இசட் கணக்கில் மொழிமூலம் வராது. ஒரு பாடத்தைத் தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில் எழுதியவர்கள் எல்லாரும் ஒரே கூட்டமாக எடுக்கப்படுகிறார்கள்.

எந்தக் கூட்டத்தோடு ஒப்பிடுகிறார்கள் என்பதுதான் இசட்டின் உயிர். 2011 உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தவரும் புதிய பாடத்திட்டத்தவரும் தோற்றினார்கள். இருவருக்கும் சேர்த்துக் கணக்கிட்ட இசட் பெரும் பிரச்சினையாகி, 2012 ஜூனில் உயர்நீதிமன்றம் அதை இரத்துச் செய்து, இரண்டையும் தனித்தனிக் கூட்டங்களாகக் கணிக்கச் சொன்னது. பாடத்திட்டம் மாறும் ஆண்டில் மீண்டும் எழுதுகிறவர்கள் எந்தத் திட்டத்தின் கீழ் தோற்றுகிறோம் என்பதை விண்ணப்பத்திலேயே உறுதி செய்துகொள்ள வேண்டியது இதனால்தான்.

வெட்டுப்புள்ளியும் மாவட்டமும்

வெட்டுப்புள்ளி யாரும் முன்கூட்டி நிர்ணயிக்கும் எல்லையல்ல. இடங்கள் நிரம்பிய பிறகு, கடைசியாக உள்ளே வந்தவரின் இசட்தான் வெட்டுப்புள்ளி. ஆகவே அது ஒவ்வோர் ஆண்டும் மாறும். கடந்த ஆண்டின் வெட்டுப்புள்ளியைத் திசை காட்டியாக எடுக்கலாம், உறுதியாக எடுக்கக்கூடாது.

இடங்கள் பங்கிடப்படும் முறை இப்படி. ஒரு பாடநெறிக்கு 1000 இடம் என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதம், அதாவது 400 இடம், அகில இலங்கைத் திறமை வரிசையில் போகும். 55 சதவீதம், 550 இடம், 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதத்தில் பிரியும். நாட்டின் சனத்தொகையில் 3 சதவீதம் உள்ள மாவட்டத்துக்கு ஏறத்தாழ 16 இடம். மீதி 5 சதவீதம், 50 இடம், கல்வியில் பின்தங்கியவையாகக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, நுவரெலியா, பதுளை எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. கொழும்பு, கண்டி, காலி இல்லை. எல்லாப் பாடநெறிகளுக்கும் இந்தப் பங்கீடு பொருந்தாது. சிலவற்றுக்கு அகில இலங்கைத் திறமை மட்டுமே.

அதனால்தான் ஒரே பாடநெறிக்கு ஒரே ஆண்டில் மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறுபடுகிறது. கொழும்பிலுள்ள உறவினரின் பிள்ளைக்கு 1.9 இசட்டில் கிடைக்காத இடம் முல்லைத்தீவுப் பிள்ளைக்கு அதைவிடக் குறைந்த இசட்டில் கிடைக்கலாம். உங்கள் இசட்டை உங்கள் மாவட்ட வரியோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

மாவட்டத்தைத் தீர்மானிக்கும்போது பாடசாலை மாணவருக்கு முதலில் பார்க்கப்படுவது எந்த மாவட்டப் பாடசாலையில் எவ்வளவு காலம் படித்தார் என்பது. உயர்தரத்துக்காக வேறு மாவட்டத்துக்கு மாறியவர்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் அந்தப் பகுதியை வரிவரியாக வாசிக்க வேண்டும். பாடசாலைப் பதிவுகள், அதிபரின் சான்று, வதிவிடச் சான்று எல்லாவற்றையும் விண்ணப்பத்துக்கு முன்பே எடுத்து வைக்காவிட்டால் கடைசி வாரத்தில் ஓட வேண்டி வரும்.

விருப்ப வரிசையை எழுதும்போது

விண்ணப்பத்தில் பாடநெறியையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக் குறிக்கும் யூனிகோட் எண்களை வரிசையாகக் கொடுக்கிறீர்கள். உங்கள் இசட் எட்டுகிற முதல் விருப்பம் எதுவோ அது உங்களுக்கு வரும். ஆகவே உண்மையில் எதை அதிகம் விரும்புகிறீர்களோ அதை மேலே போடுங்கள். "கிடைக்காததை மேலே போட்டால் கிடைப்பதும் போய்விடும்" என்ற பயம் பரவலானது, ஆனால் ஆதாரமற்றது. மேலே உள்ளது எட்டாவிட்டால் கணக்கு அடுத்த வரிக்குப் போகும்.

உண்மையான ஆபத்து வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, வரிசையைச் சீக்கிரம் முடித்துவிடுவது. மருத்துவமும் பல் மருத்துவமும் மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால், இசட் அவற்றுக்கு எட்டாதபோது விவசாயம், தாதியியல், விலங்கு விஞ்ஞானம் எதிலும் உங்கள் பெயர் பார்க்கப்படாது. இன்னொன்று, படிக்கவே மாட்டேன் என்று தெரிந்த பாடநெறியை நடுவில் போடுவது. அது கிடைத்துவிட்டால் கீழே இருக்கும் விருப்பமானது பார்க்கப்படாது. கட்டடக்கலை, இசை போன்ற சிலவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சை தனியாக உண்டு. அதன் விளம்பரங்கள் வெவ்வேறு திகதிகளில் வரும். அந்தப் பரீட்சையில் சித்தியடையாமல் யூனிகோட்டை மட்டும் எழுதிப் பயனில்லை.

விடைத்தாள் மீள்பரிசீலனை பற்றி ஒன்று. எழுத்து மாறாவிட்டால் பயனில்லை என்று நினைத்துச் சிலர் விண்ணப்பிப்பதில்லை. பி பியாகவே இருந்தாலும் புள்ளி 66இலிருந்து 70 ஆனால் இசட் உயரும். வெட்டுப்புள்ளிக்கு அருகில் நிற்பவர் கட்டணத்தைச் செலுத்தி விண்ணப்பிப்பது நியாயமான முடிவு. முடிவுத் திகதியைத் தவறவிட்டால் பிறகு வழியில்லை. மீள்பரிசீலனைப் பெறுபேறு வரும்வரை அடுத்த தடவைக்கான படிப்பை நிறுத்தி வைக்காதீர்கள்.

பல்கலைக்கழகத்தில்: கிரெடிட்டின் பாரம்

உள்ளே போனதும் இசட்டுக்கு வேலையில்லை. இனி ஒப்பீடு மற்றவர்களோடு அல்ல, பாடப் புள்ளியை எழுத்தாக்கி, எழுத்தைப் புள்ளியாக்கிப் பாரம் கொடுத்துச் சராசரி எடுப்பது. அந்தச் சராசரிதான் ஜிபிஏ. பெரும்பாலான பீடங்களில் ஏ பிளஸ்ஸுக்கும் ஏக்கும் 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, பி மைனஸ் 2.7, சி பிளஸ் 2.3, சி 2.0, சி மைனஸ் 1.7, டி பிளஸ் 1.3, டி 1.0, ஈ 0. எந்தப் புள்ளிக்கு எந்த எழுத்து என்பது பீடத்துக்குப் பீடம் மாறும். 70க்கே ஏ கொடுக்கும் இடமும் உண்டு, அதைவிடக் கூடக் கேட்கும் இடமும் உண்டு. உங்கள் பீடத்தின் மாணவர் கைநூலில் இருப்பதைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள்.

கிரெடிட் என்பது அந்தப் பாடத்தின் பாரம். 15 மணி நேர விரிவுரை ஒரு கிரெடிட் என்பது வழக்கம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி விரிவுரை, சுயபடிப்பு, பரீட்சை எல்லாம் சேர்த்து ஒரு கிரெடிட் 50 மணி நேர உழைப்பு. மூன்று ஆண்டுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், நான்கு ஆண்டு சிறப்புப் பட்டத்துக்கு 120.

ஒரு அரையாண்டைக் கணக்கிடுவோம். 3 கிரெடிட் பாடத்தில் ஏ: 12.0. இன்னொரு 3 கிரெடிட்டில் பி பிளஸ்: 9.9. 2 கிரெடிட்டில் சி: 4.0. 4 கிரெடிட்டில் ஏ மைனஸ்: 14.8. 1 கிரெடிட்டில் பி மைனஸ்: 2.7. கூட்டு 43.4, மொத்தக் கிரெடிட் 13. 43.4 ÷ 13 = 3.34. பாரம் பார்க்காமல் ஐந்து எழுத்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 3.14 வரும். வகுப்பு எல்லையில் நிற்பவருக்கு இந்த இரண்டு எண்களும் இரண்டு வேறு பட்டங்கள். ஏனென்றால் வழக்கமான எல்லைகள் முதல் வகுப்புக்கு 3.70, இரண்டாம் வகுப்பு மேல்நிலைக்கு 3.30, கீழ்நிலைக்கு 3.00, சாதாரண சித்திக்கு 2.00.

ஆகவே அரையாண்டின் தொடக்கத்திலேயே எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் என்று குறித்து வையுங்கள். 1 கிரெடிட் பாடத்தின் செயற்றிட்டத்துக்கு மூன்று வாரம் கொடுத்துவிட்டு 4 கிரெடிட் பாடத்தில் பி மைனஸ் வாங்குவது மிகச் சாதாரணமாக நடக்கும் இழப்பு.

இன்னும் பெரிய இழப்பு மீள்தோற்றலில் வருகிறது. தவறவிட்ட பாடத்தை மீண்டும் எழுதினால் பெரும்பாலான இடங்களில் அதிகபட்சம் சிதான் தருவார்கள். அடுத்த முறை 90 எடுத்தாலும் 2.0. முதலாம் ஆண்டில் ஒரு 3 கிரெடிட் பாடத்தை இப்படி இழந்தால், அது நான்காம் ஆண்டுவரை சராசரியைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். அத்துடன் வகுப்புப் பட்டத்துக்குக் குறித்த காலத்துக்குள் முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. சுகவீனத்தால் பரீட்சைக்குப் போக முடியாவிட்டால் உரிய நாட்களுக்குள் மருத்துவச் சான்றிதழைப் பல்கலைக்கழகம் கேட்கும் வழியில் சமர்ப்பித்துவிடுங்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டால் அடுத்த தோற்றல் முதல் தோற்றலாகவே எண்ணப்படும், சி என்ற உச்சவரம்பு இருக்காது. காய்ச்சலோடு போய் எழுதிவிட்டுப் பிறகு சான்றிதழ் கொடுத்தால் பொதுவாக எடுபடாது. வரவு 80 சதவீதத்துக்குக் கீழே போனாலும் பல பீடங்களில் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது 3.34ஐ 25ஆல் பெருக்கி 83.5 சதவீதம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பொய்த் தகவலாகவே போய் நிற்கும், ஏனென்றால் 70 புள்ளிக்கு 4.0 கொடுத்த பீடத்தில் அந்தப் பெருக்கலுக்கு அர்த்தமே இல்லை. ஜிபிஏ, அது எத்தனை அளவிலானது, கிடைத்த வகுப்பு ஆகிய மூன்றையும் அப்படியே எழுதுங்கள். கல்விப் பதிவேட்டின் பின்பக்கத்தில் பீடத்தின் தர அட்டவணை அச்சிடப்பட்டிருக்கும். பிரதி எடுக்கும்போது அந்தப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.